அம்பாசிடரா, ஃபியட்டா, மாருதி 800-ஆ: ஊரையும் உணவு வேளையையும் வைத்து ஒரு பழைய காரைத் தேர்ந்தெடுத்தல்

பழைய கார் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரே வடிவில்தான் வருகிறது: அம்பாசிடர் வாங்கலாமா, ஃபியட் வாங்கலாமா, மாருதி 800 போதுமா? பதிலுக்கு நான் கேட்கும் இரண்டு கேள்விகள் அவர்களுக்கு விளையாட்டாகத் தோன்றும். எந்த ஊரில் குடியிருக்கிறீர்கள்? விடுமுறை நாளில் எங்கே போய், எந்த வேளைச் சாப்பாடு சாப்பிடுவீர்கள்?

இவற்றை நான் வேடிக்கைக்காகக் கேட்பதில்லை. இந்த மூன்று கார்களில் எதுவும் இன்றைக்கு அலுவலகம் போய்வரும் கார் அல்ல; அந்த வேலையை வீட்டில் உள்ள புதிய வண்டி பார்த்துக்கொள்கிறது. பழைய கார் விடுமுறை நாளில்தான் வெளியே வருகிறது. நம் குடும்பங்களில் விடுமுறைப் பயணம் என்பது கோயிலில் தொடங்கினாலும் இலையில்தான் முடியும். ஆகவே காரின் என்ஜினையும் பிரேக்கையும் துருவையும் அந்த ஒரு பயணத்தோடு பொருத்திப் பார்ப்பதே சரியான அளவீடு. விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையை வைத்து முடிவெடுத்தவர்கள் ஆறே மாதத்தில் அதே விலைக்கு விற்க முடியாமல் தவிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் ஊர். கடற்கரை ஊரில் உப்புக்காற்று தகட்டைத் தின்னும்; மலையூரில் ஏற்றத்தைவிட இறக்கமே காரைச் சோதிக்கும்; உள்மாவட்டச் சமவெளியில் சித்திரை வெயிலே எதிரி. காரை நிழலில் நிறுத்த இடம் உண்டா, பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டத் தெரிந்த மெக்கானிக் அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறாரா என்பவையும் இதில் அடங்கும். இன்றைய பட்டறைகளில் வேலை செய்யும் இளைஞர்களில் பலர் கணினியைப் பொருத்திக் கோளாறு கண்டுபிடிக்கப் பழகியவர்கள். அவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர், ஆனால் இந்தக் கார்களில் கார்புரேட்டர் வைத்தவற்றில் கணினியைச் செருக இடமே இல்லை.

இரண்டாவது அளவுகோலை யாரும் சொல்வதில்லை என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். அது உணவு வேளை. சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்கு எழுபது, எழுபத்தைந்து கிலோமீட்டர். மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து மந்தாரை இலையில் வேகவைத்த கோயில் இட்லிக்காக விடியற்காலையில் கிளம்பினால், காற்று குளிர்ந்திருக்கும், சாலை காலியாக இருக்கும், எந்தப் பழைய என்ஜினும் தன் வயதை மறந்து ஓடும். அதே சென்னையிலிருந்து ஆம்பூர் பிரியாணிக்குப் போவது வேறு விஷயம். நெடுஞ்சாலையில் நூற்று எண்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, சீரக சம்பா பிரியாணியைக் கத்தரிக்காய்த் தொக்கோடு முடித்துவிட்டுத் திரும்பும்போது மணி இரண்டாகியிருக்கும். ஏ.சி. இல்லாத காரில் அந்த வெயில் உங்களை மட்டும் வாட்டாது. மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பு சூடேறி, குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி, கார் சாலையோரத்தில் நின்றுவிடும். பம்பின் மேல் ஈரத் துணியைப் போட்டுப் புளியமர நிழலில் காத்திருப்பது அந்தக் காலத்து ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். இரவுச் சாப்பாடு மூன்றாவது வகை. மதுரையிலிருந்து விருதுநகருக்கு எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடப் போகிறவர் இருட்டில்தான் திரும்ப வேண்டும். மின்சாரத்துக்கு டைனமோ வைத்த பழைய காரில் வேகம் குறைந்தால் விளக்கும் மங்கும், எதிரே வரும் லாரியின் வெளிச்சத்தில் உங்கள் விளக்கு இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிடும்.

எத்தனை பேர் போவீர்கள், உதிரிபாகங்கள் எங்கே கிடைக்கும், ஆர்.சி. புத்தகம் எப்படி இருக்கிறது என்ற மற்ற மூன்றும் எல்லோரும் அறிந்தவையே.

## அம்பாசிடர்

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைத் தழுவி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரை தயாரான கார் இது. ஆகவே "அம்பாசிடர்" என்று ஒரே பெயரில் அழைத்தாலும், வாங்குகிறவர் உண்மையில் மூன்று வெவ்வேறு கார்களுக்கு நடுவே தேர்வு செய்கிறார்: 1,489 சி.சி. பழைய பெட்ரோல் என்ஜின் வைத்தது, அதே குடும்பத்து டீசல் என்ஜின் வைத்தது, 1990-களில் வந்த 1.8 லிட்டர் இசுசூ பெட்ரோல் என்ஜின் வைத்தது. முதலாவது அழகு, இரண்டாவது சிக்கனம், மூன்றாவது ஓட்டுவதற்கு இன்பம். ஐந்து கியரோடு வந்த இசுசூ கார்தான் இன்றைய சாலையில் பின்னால் வருகிறவரின் பொறுமையைச் சோதிக்காமல் போகக்கூடியது.

இதன் பலம் பின்னிருக்கையும் டிக்கியும். பாட்டிக்குக் காலை நீட்ட இடம் உண்டு, புடவை கசங்காமல் ஏறி இறங்கலாம், குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைக்க அண்டாவும் விறகும் டிக்கியில் அடங்கும். காரைக்குடிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று உறவுக்கார வீட்டு விசேஷத்துக்குப் போய், வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் தூக்குவாளிகளில் நிரப்பிக்கொண்டு திரும்புவதற்கு இதைவிடப் பொருத்தமான கார் இந்தியாவில் தயாராகவில்லை என்று துணிந்து சொல்வேன். முன்னாலும் நீள இருக்கை இருப்பதால் ஆறேழு பேரை ஏற்றும் பழக்கம் இன்னமும் இருக்கிறது, ஆர்.சி. புத்தகத்தில் ஓட்டுநரோடு சேர்த்து ஐந்து பேர் என்றுதான் இருக்கும், விபத்துக் காப்பீடும் அந்தக் கணக்கைத்தான் பார்க்கும்.

மறைமுகச் செலவுகள் இந்தக் காரில்தான் அதிகம். பழைய பெட்ரோல் என்ஜின் லிட்டருக்கு எட்டு முதல் பத்து கிலோமீட்டர் தந்தால் நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள். கனமான தகடு துருவைத் தாங்கும் என்பது பாதி உண்மைதான்: மேலே உறுதியாகத் தெரியும், கதவுக்குக் கீழே உள்ள பட்டியும் தரைத் தகடும் உள்ளிருந்து அரித்துப்போயிருக்கும். டிங்கரிங் வேலைக்காகத் தட்டத் தொடங்கினால் கை உள்ளே போகும். வாங்குவதற்கு முன் கால்மிதியைத் தூக்கிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் அதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

இன்னொன்று என்ஜின் மாற்றம். பெட்ரோல் செலவைத் தாங்காமல் பல அம்பாசிடர்களில் மெட்டடார் வேனின் டீசல் என்ஜினைப் பொருத்தியிருக்கிறார்கள். வேலை நன்றாகவே நடந்திருக்கும். ஆனால் அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பதே கேள்வி. ஏறியிராவிட்டால், பெயர் மாற்றத்துக்கோ எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கோ போகும் நாளில் அந்தச் சுமை உங்கள் தலையில் விழும்.

## ஃபியட் என்று நாம் சொல்லும் பத்மினி

மும்பை குர்லாவில் 1964-இல் ஃபியட் 1100 டிலைட் என்று தொடங்கி, 1974-இல் பிரீமியர் பத்மினி என்ற பெயரைப் பெற்று, புத்தாயிரத்தின் தொடக்கம் வரை தயாரான கார். கடைசி வரை நம் ஊர்களில் அதற்கு ஃபியட் என்றுதான் பெயர். அம்பாசிடர் அரசு அலுவலகத்தின் கார், ஃபியட் ஊர் டாக்டரின் கார் என்ற பாகுபாடு என் சிறுவயதில் எழுதப்படாத சட்டம் போல இருந்தது.

1,089 சி.சி. என்ஜின், லிட்டருக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு கிலோமீட்டர், நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம். மூன்றில் ஓட்டுவதற்கு மிகுந்த நயம் உள்ளது இதுவே. ஸ்டியரிங் தண்டில் உள்ள கியரைக் கை பழகியபின் வெண்ணெயில் கத்தி இறங்குவது போலப் போடலாம், பழகும் வரை உடன் வருபவர்கள் சிரிப்பார்கள். நான்கு பேர், ஒரு சிறிய கூடை, விடியற்காலை, குறுகிய தூரம் என்றால் இதற்கு இணை இல்லை.

இதன் சிக்கல் உதிரிபாகம். மும்பையில் பத்மினிகள் டாக்ஸிகளாக ஓடிய காலம் வரை, அந்தச் சந்தையை நம்பி உதிரிபாகங்கள் செய்து விற்றவர்கள் இருந்தார்கள். 2023 அக்டோபரில் அங்கே கடைசி பத்மினி டாக்ஸியும் ஓய்வு பெற்றுவிட்டது. பிரேக் சிலிண்டர், கிளட்ச், கார்புரேட்டர் ரிப்பேர் கிட் போன்றவை இன்னமும் கிடைக்கின்றன. முன் கிரில், கண்ணாடி, கதவுக் கைப்பிடி, டாஷ்போர்டு மீட்டர் போன்றவற்றுக்குத்தான் அலைய வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் நடையாக நடந்தால் ஏதாவது அகப்படும், விலையை விற்பவர் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வார். ஆகவே ஃபியட்டைப் பொறுத்தவரை ஓடாத என்ஜினோடு முழுமையான பாடி கிடைப்பது, ஓடும் என்ஜினோடு பாகங்கள் குறைந்த பாடி கிடைப்பதைவிட மேல். என்ஜினை லேத் பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து (போர் போட்டு) சரிசெய்துவிடலாம். உடைந்த பின்கண்ணாடியை யாரும் கடைந்து தர முடியாது.

## மாருதி 800

1983 டிசம்பரில் குர்கானில் முதல் கார் வெளியே வந்தது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், எடை ஏறத்தாழ 650 கிலோ. மற்ற இரண்டையும் நேசிப்பவர்கள் இதைப் பழைய கார் என்று ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள். என் பார்வையில், முதன்முதலாகப் பழைய கார் வாங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு இதுவே சரியான விடை.

காரணம் எளிது. இதே குடும்பத்து என்ஜின் ஆம்னி வேனில் 2019 வரை வந்தது. ஆல்டோவிலும் அதன் வாரிசுதான் ஓடியது. தாலுகா ஊரில் உள்ள உதிரிபாகக் கடையிலும் இதற்குப் பாகம் கிடைக்கும், பெட்ரோலும் லிட்டருக்குப் பதினாறுக்கு மேல் கொடுக்கும். 2000-த்தை ஒட்டி வந்த எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலைத் தெளிக்கும் முறை) மாடலில் கார்புரேட்டரே இல்லை. மின்சாரப் பம்பு பெட்ரோலை அழுத்தத்தோடு தள்ளுவதால் மதிய வெயிலில் நிற்கும் தொல்லையும் இல்லை. ஏ.சி. வைத்த மாடலைத் தேடி வாங்கினால், முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்த தூத்துக்குடி மக்ரூன் ஈரக்காற்றில் நமுத்துப் போகாமல் வீடு வந்து சேரும்.

ஆனால் தகடு மெல்லியது. கடற்கரை ஊரில் பத்து மழைக்காலம் வெளியில் நின்ற மாருதியின் கதவு அடியும் டிக்கிக் கதவும் அப்பளம் போல நொறுங்கும். பன்னிரண்டு அங்குலச் சக்கரம் கிராமச் சாலையின் ஒவ்வொரு குழியையும் உங்கள் முதுகுக்கு எடுத்துச் சொல்லும். பெரியவர்கள் நால்வர் உட்கார்ந்து ஏ.சி.யையும் போட்டுவிட்டால் மேம்பாலம் ஏறுவதற்குக்கூடக் கியரைக் குறைக்க வேண்டும். 1980-களின் முதல் தலைமுறை மாடலுக்கு இப்போது சேகரிப்பாளர்களிடையே மவுசு ஏறியிருப்பதால், அதற்குக் கேட்கும் விலையில் பிற்கால மாடலை வாங்கி முழுவதும் பெயின்ட் அடித்துவிடலாம்.

## மூன்றுக்கும் பொதுவான செலவுகள்

சொந்த உபயோகக் காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை காரைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயானது. இருபது ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. இதோடு பசுமை வரியும் காப்பீடும் உண்டு. டில்லிப் பகுதியில் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களும் பத்து ஆண்டு கடந்த டீசல் கார்களும் ஓடத் தடை விதிக்கப்பட்டதால் அங்கிருந்து மலிவாக வரும் கார்களைப் பார்த்து ஏமாற வேண்டாம்: தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, மீண்டும் சாலை வரி என்று கணக்குப் போட்டால் மலிவு மறைந்துவிடும்.

ஐம்பது ஆண்டு கடந்த கார்களை வின்டேஜ் என்று பதிவு செய்ய 2021-இல் தனி விதி வந்தது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டுகள் செல்லும். பலரும் இதைச் சலுகை என்று நினைக்கிறார்கள். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே அந்தக் காரைச் சாலையில் எடுக்கலாம். அன்றாட உபயோகத்துக்கு அனுமதி இல்லை. திண்டுக்கல்லுக்குப் பிரியாணி சாப்பிடப் போவதைக் கண்காட்சி என்று எந்த அதிகாரியும் ஏற்கமாட்டார். சாப்பிடப் போகக் கார் வாங்குகிறவர் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டு போவது நல்லது. சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு மீது ஆசைப்படுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். அது அழகான கார், ஆனால் இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்காததற்குக் காரணம் உதிரிபாகத்துக்கு வெளிநாட்டை நம்ப வேண்டியிருப்பதுதான்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தக் கார்களுக்காக உருவானதன்று. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் நிற்கும் காரின் டாங்க் உள்ளே துருப்பிடிக்கும், பழைய ரப்பர் குழாய்களும் பம்பின் டயஃபிரமும் உப்பி இளகும். வாங்கிய உடனே குழாய்களை எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றிவிட்டு, வாரம் ஒருமுறையாவது காரை எடுத்து ஓட்ட வேண்டும். வால்வு சீட்டுகளைத் தேயாமல் காத்துவந்த ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடு முழுவதும் நின்றுபோனதால், அதற்கு முந்தைய அம்பாசிடர், ஃபியட் என்ஜின்களில் வால்வு சீட்டுகள் மாற்றப்பட்டிருக்கின்றனவா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

| | அம்பாசிடர் | ஃபியட் (பத்மினி) | மாருதி 800 |
|---|---|---|---|
| என்ஜின் | 1,489 சி.சி. பெட்ரோல், டீசல், 1.8 லிட்டர் இசுசூ | 1,089 சி.சி. | 796 சி.சி. |
| லிட்டருக்கு (பெட்ரோல்) | 8–10 கி.மீ. | 12–14 கி.மீ. | 16–20 கி.மீ. |
| உதிரிபாகம் | கிடைக்கும், குறைந்துவருகிறது | என்ஜினுக்கு உண்டு, பாடிக்கு அரிது | எங்கும் கிடைக்கும் |
| பெரிய மறைமுகச் செலவு | அடித்தட்டுத் துரு, பதிவாகாத என்ஜின் மாற்றம் | கண்ணாடி, கிரில், மீட்டர் தேடும் அலைச்சல் | மெல்லிய தகட்டின் துரு |
| பொருத்தமான வேளை | காலை, மாலை | விடியற்காலை | எந்த வேளையும் |
| பொருத்தமான குடும்பம் | பெரியவர்களோடு ஐந்து பேர் | மூவர் அல்லது நால்வர் | மூவர் |

## எந்த ஊருக்கு எது

குன்னூர், கோத்தகிரி, ஏற்காடு போன்ற மலையூர்களில் இருப்பவர்கள் தயங்காமல் மாருதியை எடுக்கலாம். மேட்டுப்பாளையம் – குன்னூர் சாலையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவதற்கு அம்பாசிடருக்கும் வலு உண்டு. இறங்கும்போதுதான் வேறுபாடு தெரியும். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் வைத்த, ஆயிரத்து நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள காரை இரண்டாம் கியரில் பிடித்துக்கொண்டு இறங்கத் தெரியாதவர், பாதி வழியிலேயே பிரேக் சூடாகி மிதி வேலை செய்யாத நிலைக்குப் போய்விடுவார். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் முப்பத்தாறு வளைவுகளை இந்தக் கார்களுக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தார் ஃபியட்டை நினைத்துப் பார்க்கலாம். வார்ப்பட்டறைகளும் லேத் பட்டறைகளும் நிறைந்த அந்தப் பகுதியில், கிடைக்காத புஷ்ஷையும் பின்னையும் மாதிரியைக் காட்டிக் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். அவிநாசி சாலையில் உள்ள ஜிடி கார் அருங்காட்சியகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால், முறையாகப் பராமரித்த பழைய கார் எப்படி இருக்க வேண்டும் என்று கண்ணுக்குப் பழகும். சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தேங்காய்ச் சில்லுமாக வரும் பள்ளிபாளையம் சிக்கனுக்குக் கோவையிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். நெடுஞ்சாலையில் அறுபதைத் தாண்டாமல் இடது ஓரமாகவே போகும் மனம் உள்ளவருக்கு ஃபியட் அந்தத் தூரத்தைத் தாராளமாகக் கடக்கும். ஏர்பேக் என்பதே இல்லாத இந்த மூன்று கார்களிலும் எண்பதுக்கு மேல் போக ஆசைப்படுகிறவர் புதிய காரிலேயே பிரியாணிக்குப் போகட்டும்.

காரைக்குடி, மதுரை, திண்டுக்கல், தஞ்சாவூர் போன்ற சமவெளி ஊர்களில் வீட்டு முற்றமும் கொட்டகையும் இருந்து, மூன்று தலைமுறை ஒன்றாகப் பயணம் செய்யும் குடும்பம் என்றால் அம்பாசிடர். பெட்ரோல் செலவு உறுத்தினால் ஆர்.சி.யிலேயே டீசல் என்று இருக்கும் காரைத் தேட வேண்டும். விருதுநகர் பரோட்டாவுக்கு இரவில் போவதாக இருந்தால் டைனமோவை எடுத்துவிட்டு, வேகம் குறைந்தாலும் போதிய மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைப் பொருத்திக்கொண்டு போகலாம், அந்த ஒரு மாற்றத்துக்குச் செய்யும் செலவு வீணாகாது.

கடற்கரை ஊர்களுக்குத்தான் பதில் கடினம். நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ மூடிய கொட்டகை இல்லாதவர் மூன்றில் எதையும் வாங்காமல் இருப்பதே மேல். வாங்கியே தீர வேண்டுமென்றால், துருப்பிடித்த கதவைக் கழற்றிவிட்டு வேறொன்றைச் சல்லிசாக மாட்டக்கூடிய மாருதி. சென்னையில் அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு மூடிய இடம் கிடைத்து, வேறு நெடுந்தூரம் எடுக்காமல் காஞ்சிபுரத்துக்கு மட்டும் மாதம் இருமுறை போவதாக உறுதி இருந்தால், அங்கே நான் ஃபியட்டையே சொல்வேன்: ஐந்தரை மணிக்குக் கிளம்பி, இட்லியைச் சாப்பிட்டு, வெயில் ஏறுமுன் பத்து மணிக்குள் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.